சுங்கை சிப்புட்டுக்குப் புதிது, எங்கே சாப்பிடுவது?

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வேலை மாற்றலாகிப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாடகை வீடு, தனி ஆள், சமைக்கத் தெரியாது. கைப்பேசியில் தேடினால் பெரிய சாலை ஓரத்து மாமாக் கடைகளும் (தமிழ் முஸ்லிம் உணவகங்களும்) இரண்டு மூன்று வாழை இலைக் கடைகளும்தான் வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரு சுற்று சாப்பிட்டாயிற்று, இந்த ஊரில் இவ்வளவுதானா என்று கேட்கிறார். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: வீட்டு வாசலில் மேசை போட்டு விற்கிறார்களே, அதை வாங்கிச் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

மேலோட்டமாகப் பார்த்தால் கடைகளின் பட்டியல் கேட்பது போல இருக்கிறது. எனக்கு இப்படிப் படுகிறது: ஒருவரையும் தெரியாத ஊரில், அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை எதை வைத்து நம்புவது? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். கடைப் பெயர் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சின்ன ஊர்க் கடைகள் அடிக்கடி கைமாறும். இன்றைக்கு நான் புகழ்ந்து எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவர் வேறொருவர் கையால் சாப்பிட்டுவிட்டு என்னைத் திட்டுவார். வீட்டில் சமைத்து விற்கிற அம்மாக்களின் பெயரைப் பொதுவில் போடுவதும் முறையில்லை.

நான் பேராக்கில் சுகாதார இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைகளின் சமையல்கட்டையும் பின்வாசல் கால்வாயையும் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. சுத்தத்தைப் பற்றி இங்கே நான் சொல்வது படித்துத் தெரிந்து, கண்ணால் பார்த்தும் உறுதி செய்துகொண்டது. சுவையைப் பற்றிச் சொல்வது என் நாக்கின் தீர்ப்பு மட்டுமே. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது தோட்டத்து ஊர். இங்கே நல்ல சாப்பாட்டைத் தெருத் தெருவாகத் தேடினால் கிடைக்காது, மணி பார்த்துத் தேட வேண்டும். கிள்ளானில் காலை பதினொரு மணிக்கும் தோசை கிடைக்கும், ராத்திரி பதினொரு மணிக்கும் கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. காலை ஏழு மணிக்கு ஆள் நிற்க இடமில்லாத ஒட்டுக்கடை, பத்து மணிக்கு மடக்கிய மேசையும் கழுவிவிட்ட சிமெண்டுத் தரையுமாகக் கிடக்கும். வேலை முடிந்து ஆறு மணிக்கு அந்த வழியாகப் போகிறவருக்கு அங்கே ஒரு கடை இருப்பதே தெரியாது. நீங்கள் அலுவலக நேரம் போக மீதி நேரத்தில்தான் ஊரைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் திறந்திருப்பது மாமாக் கடைதான், கைப்பேசி காட்டுவதும் அதைத்தான்.

இந்த நேரக்கணக்கு தோட்டத்திலிருந்து வந்தது. பால் மரம், அதாவது ரப்பர் மரம், விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகச் சுரக்கும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், விடியும்போது மரம் சீவ ஆரம்பித்து, பால் எடுத்துக் கொட்டிவிட்டு மதியத்துக்குள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்புவது நம் பெரியவர்களின் நாள். செம்பனை வந்த பிறகும் காலைதான் வேலை. ஐம்பதுகளிலிருந்தே தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் இதே ஊரில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தாங்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படியும் பிறகு வந்த ஆண்டுகளில் பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமானுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வர வேண்டியதாயிற்று. லயம் போனாலும் பழக்கம் போகவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிற கை, தாமான் வீட்டிலும் ஐந்து மணிக்கே மூட்டுகிறது. அந்தக் கைதான் நீங்கள் தேடுகிற சாப்பாடு.

ஆகவே முதலில் காலைப் பசியாறலைப் பிடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளை எடுக்காமல் உங்கள் தாமானை நடந்தே ஒரு சுற்று சுற்றுங்கள். முனை வீட்டு வேலி ஓரத்தில் குடை, குடையின் கீழே மடக்கு மேசை, மேசையில் வெள்ளைப் பெட்டிக்குள் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம், பக்கத்தில் தட்டு மூடிய இட்டிலி, ஒரு வாளியில் சட்னி. எந்தத் தாமானிலும் இப்படி ஒன்றாவது இருக்கும். புட்டு மாயாம் விற்கிற மோட்டார் சைக்கிள் வந்தால் நிறுத்துங்கள். நம் இடியாப்பம்தான், ஆனால் இங்கே தேங்காய்ப்பூவும் சிவப்புச் சீனியும் வைத்துத் தருவார்கள். அதன் நூலைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்று காலை பிழிந்ததாக இருந்தால் விரலால் தூக்கும்போது மெத்தென்று பிரிந்து வரும். முந்தின ராத்திரி பிழிந்ததாக இருந்தால் ஓரம் காய்ந்து கம்பி போல முறியும்.

ரொட்டி சானாய்க்கும் இதே கண் வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் மாவு உருண்டைகளைத் தட்டில் எண்ணெயில் முக்கி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நன்றாக ஊறிய மாவு உருண்டையாக நிற்காது, கொஞ்சம் தளர்ந்து பக்கத்து உருண்டையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீசும்போது கிழியாமல் விரல் தெரிகிற அளவுக்கு மெலிந்து விரியும். விறைப்பாக நிற்கிற உருண்டையை வீசினால் ரப்பர் போலச் சுருங்கி வந்துவிடும், அந்த ரொட்டி ஆறியதும் தோல்தான். இதற்கு நீங்கள் ஆர்டர் கொடுக்க வேண்டியதுகூட இல்லை. ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு கல்லுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால் போதும். கல் கழுவிய ஈரம் காய்ந்து முதல் இருபது முப்பது ரொட்டி போன பிறகு வருவதுதான் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். சமையல்காரர்கள் இதை ஒத்துக்கொள்வதும் உண்டு, மறுப்பதும் உண்டு.

மதியச் சாப்பாட்டில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பதினொன்றரைக்கு இறங்கும் குழம்பு ஒன்றரைக்கு மேல் அடிச்சட்டிக் குழம்பு, அவ்வளவுதான். முடிந்தால் பன்னிரண்டுக்கு முன்னால் போங்கள். வாழை இலைக் கடையில் கோழி வறுவலை விட்டுவிட்டு ரசத்தையும் ஒரு கீரையையும் சுவைத்துப் பாருங்கள். வறுவலில் மசாலாவைக் கொட்டி எதையும் மறைத்துவிடலாம். ரசத்தில் ஒன்றையும் மறைக்க முடியாது. இது சட்டமல்ல, என் அளவுகோல்.

மூன்றரை மணியிலிருந்து ஆறு மணி வரைதான் பலர் தவறவிடுகிற நேரம். பள்ளி விட்டு, வேலை விட்டு, டீக்குக் கூட ஏதாவது கடிக்க வேண்டும் என்று ஊரே தேடுகிற பொழுது. வடை, வாழைப்பழப் பொரியல், கறிபாஃப், மலாய்க்காரர்களின் குவே வகைகள் எல்லாம் சாலை ஓரக் குடைகளுக்கு அடியில் வந்துவிடும். எண்ணெயைப் பாருங்கள். தேநீர் நிறத்தில் இருந்தால் வாங்கலாம். கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) நிறத்துக்குப் போய், நுரை அடங்காமல் புகைந்துகொண்டிருந்தால் எவ்வளவு பசித்தாலும் நகர்ந்துவிடுங்கள். ஈப்போ பக்கம் போனால் புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பத்தை (கொறிக்கிற பண்டங்கள் செய்கிற குடியிருப்பை) தேடிப் போய் முறுக்கும் பக்கோடாவும் வாங்கி வாருங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பக்கம்தான்.

ராத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை இருக்கும். எந்தக் கிழமை, எந்தச் சாலை என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பாசார் மாலாமில் சாப்பாட்டை விட ஆட்களைக் கவனியுங்கள் என்று சொல்வேன். அங்கே அப்பம் சுடுகிறவரோ மீ கோரெங் போடுகிறவரோ மற்ற நாட்களில் வேறெங்காவது நிச்சயம் கடை போடுவார். "அண்ணே, நாளைக்கு எங்கே?" என்று கேட்டால் வாரம் முழுவதற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். ஒரே கேள்வியில் ஏழு நாளைக்கும் ஒரு வழி தெரிந்துவிடும்.

மணிக்கு அடுத்தபடி நாட்காட்டி. சம்பள மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதனால் மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் வருகிற சனி ஞாயிறில் ஊரில் ஆட்டிறைச்சி நன்றாக ஓடும். வேகமாக விற்கிற இடத்தில் பழைய இறைச்சி தங்காது. மட்டன் பெரட்டல் சாப்பிட வேண்டுமென்றால் அந்த வாரம் சாப்பிடுங்கள். மாதக் கடைசியில் கருவாட்டுக் குழம்பும் பருப்பும் கேளுங்கள், அப்போதுதான் அதற்குக் கை கொடுத்துச் சமைப்பார்கள். இதில் சட்டம் எழுத்தில் உள்ளது. மட்டன் கணக்கு நான் கடைகளில் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது, ஒவ்வொரு கடைக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பகலில் மூடியிருக்கும், அதற்கு ஈடாக மாலையில் பாசார் ரமதான் களைகட்டும். சீனப் பெருநாளுக்குச் சீனர் கடைகள் ஒரு வாரம், சில கடைகள் இரண்டு வாரம்கூட மூடும். தீபாவளிக்கு நம் கடைகள் மூடும்போது தனி ஆளாக இருக்கிற நீங்கள் பட்டினி கிடக்காமல் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். நீங்கள் சைவ நாள் கடைப்பிடிக்கிறவர் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன்: சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் புத்த சமயத்தார் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்றைக்குச் சீனர் கோப்பிக் கடைகளில் சைவ மீ ஹூனும் சைவக் கறியும் கூடுதலாகக் கிடைக்கும். முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீனர் சாப்பாடு என்றதும் கம்போங் பாரு என்கிற புதுக்கிராமங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரத்தில் சிதறிக் குடியிருந்த சீனக் குடும்பங்களை 1950க்குப் பிறகு முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்பதற்காகச் சில இடங்களில் அரிசியாகவே தராமல் பொது அடுப்பில் சோறாக ஆக்கிக் கொடுத்தார்கள். அரிசி மாதக்கணக்கில் இருக்கும், சோறு ஒரு நாளில் கெட்டுவிடும் என்பதுதான் அந்தக் கணக்கு. (சோற்றின் அந்தக் குணத்துக்குப் பிறகு வருகிறேன், அது உங்கள் வயிற்றுக் கேள்விக்கும் பதில்.) அப்படி உருவான குடியிருப்புகள் இன்றும் தோட்டத்து ஊர்களைச் சுற்றி இருக்கின்றன. வீட்டு முன்கூடத்திலேயே நாலு மேசை போட்டு, காலையில் மட்டும் கறி மீயோ வான்தான் மீயோ விற்கிற கடைகளை அங்கேதான் பார்ப்பீர்கள். பெரும்பாலும் பெயர்ப்பலகை இருக்காது. வாசலில் காலை ஏழு மணிக்கு நிற்கிற மோட்டார் சைக்கிள்தான் பலகை. பன்றி இறைச்சி சேர்கிற இடம் என்பதால் சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர் இருவரும் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது. கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மலாய்க் கம்பத்துப் பக்கமும் ஒரு நாள் போங்கள். சுங்கை சிப்புட் கோல கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோல கங்சார் லக்சாவுக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. அரிசி மாவுக்குப் பதில் கோதுமை மாவில் கையால் செய்த தடித்த மீ, மேலே மீனை அரைத்துக் கரைத்த குழம்பு. பினாங்கு லக்சாவின் புளிப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், இது சாதுவான குழம்பு. எனக்குப் பினாங்கு லக்சாவை விட இதுதான் பிடிக்கும்.

இனி ஆளைப் பற்றி. ஊரில் மிக நன்றாகச் சமைக்கிறவர் பெரும்பாலும் கடை வைத்திருக்க மாட்டார், கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் சமைக்கிறவராக இருப்பார். கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் போங்கள், புரட்டாசிச் சனிக்கிழமை போங்கள். சாம்பார் மனதுக்குப் பிடித்திருந்தால் பின்னால் அடுப்படிக்குப் போய், இரண்டு பாத்திரம் தூக்கிக் கொடுத்துவிட்டு, "அக்கா, யார் சமையல்?" என்று கேளுங்கள். நேரே அந்த வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலை நடத்துகிறவர்களும் இப்படித்தான், பலர் வெளியே ஆர்டர் எடுப்பார்கள். இன்னொரு ஆள் தேங்காய் துருவிப் பால் பிழிந்து கொடுக்கிற கடைக்காரர். எந்த வீட்டுக்கு விடியற்காலை எத்தனை கிலோ தேங்காய்ப்பூ போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நாசி லெமாக்குக்குப் பெட்டிப் பால் ஊற்றுகிறவர் யார், பிழிந்த பால் ஊற்றுகிறவர் யார் என்பதும் தெரியும். மளிகைக் கடைப் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தாலும் இதே பலன். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டவர் ஒரு முறை வந்துபோனவர்; இவர்கள் தினமும் பார்க்கிறவர்கள்.

தாமான்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுங்கள். வீட்டில் சமைத்து விற்கிறவர்கள் பலர் முந்தின ராத்திரியே நாளைய சாப்பாடு இன்னது என்று போடுவார்கள், காலை எட்டு மணிக்குள் சொன்னால் மதியம் பொட்டலம் ரெடி. இதற்கு வாசலில் குடையும் இருக்காது, மேசையும் இருக்காது. நடந்து தேடினாலும் கண்ணில் படாது.

இப்போது வயிற்றுக் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் செய்து விற்பது என்பதால் மட்டுமே ஒரு சாப்பாடு ஆபத்தானது இல்லை. இருபது வகை குழம்பை நாள் முழுதும் தட்டில் பரப்பி வைக்கிற பெரிய கடையை விட, நாற்பது பொட்டலம் கட்டி இரண்டு மணி நேரத்தில் விற்றுத் தீர்க்கிற ஓர் அம்மாவின் மேசை பல நேரம் பாதுகாப்பானது. காரணம் நேரம்தான். சமைத்த உணவு ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கும்போதுதான் கிருமி பெருகும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம், சமைத்ததை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது. நம் ஊர் வெக்கையில் அந்த இரண்டு மணி நேரத்தைக் கண்டிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து, சோறு கொதிப்பதில் சாகாது. ஆறிய சோறு வெளியே கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். அப்புறம் எவ்வளவு சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைக்கக்கூடியது இது. ஆகவே நாசி லெமாக்கைக் காலையில் வாங்கினால் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். அலுவலக மேசையில் வைத்திருந்து ஒரு மணிக்குப் பிரித்துவிட்டு விற்ற அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த எதற்கும் இதே விதி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி விற்பனைக்காக உணவைக் கையாள்கிறவர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசியின் பலன் மூன்று ஆண்டு, பிறகு மறுபடி போட வேண்டும். டைபாய்டு கிருமியைச் சுமக்கிற ஆள் வெளிப்பார்வைக்கு நல்ல திடகாத்திரமாகவே இருக்கலாம், அதனால்தான் ஊசியைக் கட்டாயமாக்கினார்கள். வீட்டில் சமைத்து விற்கிறவரிடம் "ஊசி போட்டாயிற்றா அக்கா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. போட்டவர்கள் பெருமையாகவே சொல்வார்கள், சிலர் அட்டையையே எடுத்துக் காட்டுவார்கள். வாசலில் மேசை போட லைசென்ஸ் வேண்டுமா, எந்த வகை என்பது ஊராட்சிக்கு ஊராட்சி மாறும். அது விற்கிறவர் கவலை, வாங்குகிற உங்கள் கவலை இல்லை.

கடைச் சுவரில் தொங்குகிற ஏ, பி, சி தரச் சான்றிதழை மதியுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது இன்ஸ்பெக்டர் வந்த அன்றைய நிலை. நான் தரும்போதும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு பத்து மாதம் ஓடியிருக்கும், ஆள் மாறியிருக்கும். நான் சொந்தமாக ஒரு கடைக்குப் போனால் மூன்று இடம் பார்ப்பேன். முதலில் தட்டு கழுவுகிற இடம். பின்பக்கம் தரையில் பாத்திரம் வைத்துக் குந்தி உட்கார்ந்து, கால்வாய் ஓரத்தில் கழுவினால் திரும்பி வந்துவிடுவேன். எலி வருகிற வழியும் அதுதான். அடுத்து மேசை துடைக்கிற துணி. அதே துணி சமையல்கட்டுக்குள் போய்த் தட்டையும் துடைக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவது, காசு வாங்குகிற கை. காசு வாங்கிய கையோடு வடையை எடுத்தால், அந்தக் கையில் பிளாஸ்டிக் உறை இருந்தாலும் ஒன்றுதான். உறை போட்டுக்கொண்டதால் கை கழுவாமல் விட்டுவிடுகிறவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். இப்போது கியூஆரில் காசு கட்டுவது பரவிவிட்டதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது, எனக்கு அதில் உண்மையாகவே மகிழ்ச்சி. ஐஸைப் பொறுத்தவரை நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வருவது, பயமில்லை. பெரிய கட்டியை உடைத்துப் போட்டால் வேண்டாம். மீனைக் குளிர வைக்கக் கொண்டு வருகிற கட்டியும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும்.

கூட்டம் இருந்தால் நல்ல கடை என்பார்கள். பாதி உண்மை. கூட்டம் இருந்தால் சாப்பாடு தேங்காமல் போகும், அது சுத்தத்துக்கு நல்லது. ஆனால் தட்டு சரியாகக் கழுவ நேரம் இருக்காது. மதியம் பன்னிரண்டரைக்கு நெரிசலான கடையில் நான் தட்டில் சாப்பிட மாட்டேன், வாழை இலை கேட்பேன். இலையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டால் கவலை விட்டது.

ஒரு கடை நன்றாக இருந்து திடீரென்று சுவை மாறினால் பெரும்பாலும் சமையல்காரர் மாறியிருப்பார். நம் கடைகள் பலவற்றில் சமையல்காரர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர். பெர்மிட் முடிந்து அவர் ஊருக்குப் போனால் பலகை அதே, குழம்பு வேறு. முதலாளியிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார். பிடித்த சமையல்காரர் வேறு கடைக்குப் போயிருந்தால் அந்தக் கடைக்குப் போங்கள், பலகைக்கு விசுவாசம் காட்ட வேண்டியதில்லை. விலையையும் முன்பே கேட்டுவிடுங்கள். விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மீன் தலைக் கறி, நண்டு, பெரிய இறால் இவற்றுக்கு அன்றன்றைய விலை என்று வாய்மொழியாகவே போகும். சாப்பிட்டு முடித்த பிறகு நாற்பது வெள்ளி என்றால் இரு பக்கமும் மனக்கசப்புதான்.

எவ்வளவு பார்த்தாலும் ஒரு நாள் வயிறு கெட்டுவிடலாம். காய்ச்சல் இருந்தாலும், இரத்தம் போனாலும், தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலும் கிளினிக்குக்குப் போக யோசிக்காதீர்கள். டாக்டரிடம் கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் சொல்லாமல் மூன்று நாளில் எங்கே, என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். மக்கள் எப்போதும் கடைசிச் சாப்பாட்டின் மேல்தான் பழி போடுவார்கள். பல நேரம் அது தவறாகவே இருக்கும். உங்களோடு சாப்பிட்டவருக்கும் அதே நோய் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் போய்ப் பார்த்து மாதிரி எடுப்பார்கள். கடை அசுத்தமாக இருந்தால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 14 நாள் வரை மூட வைக்கும் அதிகாரம் உண்டு. முகநூலில் கடைப் படத்தைப் போட்டுத் திட்டுவதால் யாருடைய வயிறும் சரியாகாது, அந்தக் கடையில் அன்று சாப்பிட்ட மற்றவர்களுக்கும் உதவி இல்லை.

வீட்டுச் சமையல் அம்மாவிடம் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் சில நடைமுறைகளைக் கடைப்பிடியுங்கள். சொந்தத் தூக்கு அல்லது டப்பா கொண்டுபோங்கள். சூடான குழம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தர அவருக்கும் விருப்பமிருக்காது. உப்போ காரமோ கூடியிருந்தால் அடுத்த நாள் அவரிடமே சொல்லுங்கள், வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். மூன்றாவது வாரத்தில் உங்களுக்கு எந்த மீன் பிடிக்கும் என்று அவர் கேட்க ஆரம்பித்துவிடுவார். வெளியூர் போகிறீர்கள், ஒரு நாள் சாப்பாடு வேண்டாம் என்றால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். விடியற்காலைச் சந்தைக்குப் போகும்போது அவர் ஒரு துண்டு மீன் குறைத்து வாங்கிக்கொள்வார்.